பாக்குக் கிடங்கும் பல்லக்கும்

கெலமங்கலத்தில் அப்பாவின் புளி மண்டியைக் காலி செய்தபோது எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது ஒரு கம்பி மட்டும்தான். அடியில் வட்ட மரக்கட்டை, நடுவே செங்குத்தாக நிற்கும் கம்பி, முனையில் கொக்கி வளைவு. பழைய மண்டிகளில் பார்த்திருப்பீர்கள். எடைச் சீட்டு, லாரி ரசீது, கரண்ட் பில் என்று வந்த தாள் எல்லாம் அதில் குத்தப்படும். அப்பா கல்யாணப் பத்திரிகைகளை உறையோடு அதிலேயே குத்தி வைத்தார். யாருக்கு எவ்வளவு மொய் என்று உறையின் மூலையில் பென்சிலால் குறித்திருக்கும்.

அடியிலிருந்து மேலே ஒவ்வொன்றாக உருவிப் படித்தால் உறையின் மேல் எழுதிய பெயர் மாறிக்கொண்டே வருகிறது. எழுபதுகளின் கடைசியில் வெறும் பெயர், இனிஷியல்கூட இல்லை. கொஞ்சம் மேலே 'புளி மண்டி' சேர்கிறது. அதற்கும் மேலே 'திரு'. பிறகு ஓர் இடத்தில், எந்த உறை என்று விரல் வைத்தே காட்டுவேன், 'சவுகார்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். கடைசி சில வருடத்துப் பத்திரிகைகளில் பெயரையே காணோம். 'சவுகார் அவர்கள், கெலமங்கலம்' என்றால் தபால்காரருக்குப் போதும்.

இந்தப் பட்டத்தை யாரும் கொடுக்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. தெலுங்கும் கன்னடமும் தமிழும் உருதுவும் ஒரே டீக்கடையில் புழங்குகிற எங்கள் எல்லைப்புறத்தில் சவுகார் என்ற சொல் நாலுக்கும் பொது. பணமுள்ள வியாபாரி, வட்டிக்குக் கொடுப்பவர், அவசரத்துக்குக் கதவைத் தட்டக்கூடியவர், எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். சென்னையில் அது ஒரு பேட்டைக்குப் பெயர். 1950-இல் வந்த ஒரு தெலுங்குப் படத்தின் வழியாக ஒரு நடிகைக்கே அடைமொழியாக ஒட்டிக்கொண்டது. வியாபாரிக்கும் பிரபுவுக்கும் நடுவில் ஒரு திண்ணை இருந்தால் அதன் பெயர் சவுகார் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓசூரில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்த காலத்தில் போக வர பஸ்ஸில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தேன். வரிசையாக அல்ல, கிடைத்த தொகுதியைக் கிடைத்த பக்கத்திலிருந்து. வரலாறு தெரிந்துகொள்ள எடுத்த புத்தகத்தில் நான் திரும்பத் திரும்பச் சந்தித்தது என் அப்பாவை. பிள்ளையவர்கள் 1709-இல் பெரம்பூரில் பிறந்து, அப்பா திருவேங்கடம் பிள்ளையோடு புதுச்சேரிக்குக் குடிவந்தவர். பிரெஞ்சுக்காரர்களுக்காகப் பரங்கிப்பேட்டையில் துணிக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். ஆர்க்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் கடை போட்டவர். 1736 செப்டம்பரில் குறிப்பு எழுதத் தொடங்கிச் சாவு வரைக்கும் எழுதினார். என்ன கிழமை, எத்தனை நாழிகை, எந்தக் கப்பல், எத்தனை கட்டுத் துணி, யார் வந்தார், என்ன சொன்னார், அதில் பொய் எவ்வளவு. பேரேடு எழுதிப் பழகிய கைதான் இப்படி எழுதும். வரவு எழுதாமல் பக்கத்தைத் திருப்ப அந்தக் கைக்கு மனசு வராது.

அந்த மனிதர்தான் 1749-இல் பிரபு ஆனார். ஐதராபாத் சிங்காதனத்துக்கு உரிமை கோரி வந்த முசாபர் ஜங் அவருக்கு மூவாயிரம் குதிரைக்கான மன்சப் கொடுத்தார். வசாரத் ராய விஜய என்ற பட்டம் கொடுத்தார். செங்கல்பட்டுக் கோட்டைக்குத் தலைமையும் அதைச் சுற்றிய சீமையின் ஜாகீரும் கொடுத்தார். மூவாயிரம் குதிரை என்றதும் லாயத்தைத் தேட வேண்டாம். அது கணக்குக் குதிரை. தகுதியை அளக்க முகலாயர் வைத்திருந்த படிக்கல். புதுச்சேரியில் அவருக்கு இருந்த மரியாதைகள் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறவை: ஆளுநர் மாளிகை முற்றம் வரை வாத்தியம் முழங்கப் பல்லக்கில் போகலாம், பொன்பூண் போட்ட கோல் பிடிக்கலாம், ஆளுநர் எதிரில் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. மூன்றாவதுதான் பெரிது என்று எனக்குத் தோன்றும். ஒருவரை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பது இன்றைக்கும் நம் ஊரில் வாசலில் கிடக்கும் செருப்பில்தானே தெரிகிறது.

1752-இல் சீனிவாச கவி என்பவர் அவர்மேல் ஒரு வடமொழிச் சம்பு காவியம் இயற்றினார். பேரரசர்களுக்குப் பாடுகிற தோரணையில் வம்சாவளி, புகழ், வெற்றி எல்லாம் உண்டு. தமிழில் தியாகராச தேசிகர் ஆனந்தரங்கக் கோவை பாடினார். ஒரு துணி வியாபாரி காவியத் தலைவனாக ஏற எத்தனை பேர் ஏணி பிடிக்க வேண்டியிருக்கிறது! இதைச் சிரிக்காமல் எழுதக் காரணம் உண்டு. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்த்துமடல் வாசித்தார். தகடூர் பக்கத்து ஊர்தானே என்ற உரிமையில் அப்பாவை அதியமானுக்கு ஒப்பிட்டார். நெல்லிக்கனியைக் கொடுத்தவன் அதியமான். ஈரம் என்று சொல்லி மூட்டைக்கு ஒரு கிலோ கழித்தவர் அப்பா. கண்ணாடிச் சட்டம் போட்ட அந்த மடல் மண்டியில் கல்லாவுக்கு மேலே வருடக்கணக்காகத் தொங்கியது. விவசாயிகள் அதன் கீழே நின்றுதான் கழிவுக்குச் சண்டை போட்டார்கள்.

நாட்குறிப்பில் எனக்குப் பிடித்த இடம் பல்லக்கு போன இடமல்ல, பாக்குக் கிடங்கு. மன்சப்தார் ஆவதற்கு முன்னும் பின்னும் அவர் போய் உட்கார்கிற இடம் அது. ஆளுநரைப் பார்த்துவிட்டுப் பாக்குக் கிடங்குக்கு வருவார். அங்கேதான் ஆள் வரும், சேதி வரும், வம்பு வரும். சில நாள் குறிப்பு அங்கேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். மூவாயிரம் குதிரைக்காரர் பாக்கு வாசனையில் உட்கார்ந்து ஊர் நடப்பைக் கேட்கிறார். எனக்கு இது நன்றாகவே புரியும். புளி மண்டியின் வாசனை தெரிந்தவர்களுக்குப் புரியும். மாசி, பங்குனியில் புதுப்புளி வந்து இறங்கும்போது அந்தப் புளிப்பு மூக்கில் ஏறாது, நேரே பல்லில் ஏறும். சாக்கு, வேர்வை, கொட்டை தட்டும் பெண்களின் வெற்றிலை, எல்லாம் கலந்த காற்று. வீட்டில் சோபா வாங்கிப் போட்ட பிறகும் அப்பாவுக்குத் தூக்கம் வந்தது அங்கே அடுக்கின மூட்டைமேல்தான்.

ஆனந்தரங்கர் ஒரு துபாஷ். துபாஷ் என்றால் இரண்டு மொழிக்காரன். எங்கள் சந்தையில் மாடு விலை பேசுகிறபோது துண்டைக் கைமேல் போர்த்தி உள்ளே விரலைப் பிடித்து ரேட் சொல்வார்கள். வாய் எதையோ பேசும், விரல் விலையைப் பேசும். விற்கிறவர் தெலுங்கு, வாங்க வந்தவர் ஆனேக்கல் கன்னடக்காரர், நடுவில் நிற்கிற தரகர் இரண்டு கையையும் தனித்தனித் துண்டுக்குள் விட்டிருப்பார். ஆனந்தரங்கருடைய உத்தியோகம் அதுதான். ஒரு கை ஆளுநர் துய்ப்ளேக்ஸ் துண்டுக்குள், இன்னொரு கை நவாப் துண்டுக்குள். முந்தைய தலைமைத் துபாஷ் கனகராய முதலி 1746-இல் இறந்ததும் அந்த இடத்துக்கு எழுந்த போட்டியைப் பிள்ளை எழுதியிருக்கிறார், ஏலம் கெட்டது. ஆளுநர் மனைவியிடம் பணம் பேசியவர்கள் ஒரு பக்கம். கிறிஸ்தவன்தான் வர வேண்டும் என்று அழுத்திய பாதிரிமார்கள் இன்னொரு பக்கம். 1747-இல் பதவி அவருக்கு உறுதியாயிற்று.

துய்ப்ளேக்ஸ் மட்டும் பிறவிப் பிரபுவா? அவரும் வியாபாரி வீட்டுப் பிள்ளைதான். தகப்பனார் கம்பெனி இயக்குநர்களில் ஒருவர், புகையிலைக் குத்தகையில் சம்பாதித்தவர். கணக்குப் புத்தகமும் கையுமாகக் கிடந்த பையனை 1715-இல் கப்பலேற்றி அனுப்பினார். பையன் பிறகு சந்தர்நாகூரில் பத்து வருடம் கப்பல் வியாபாரத்தில் கொழித்து, 1742-இல் புதுச்சேரி ஆளுநராக வந்தான். பிரெஞ்சு அரசர் அவருக்கு மார்க்கி பட்டம் கொடுத்தது 1752-இல். அதற்கு முன்பே இங்கே முசாபர் ஜங் கையால் ஏழாயிரம் குதிரைக்கான மன்சப் அவருக்குக் கிடைத்துவிட்டது. 1750 கடைசியில் புதுச்சேரி தர்பாரில் நவாப் உடை அணிந்து, தலைப்பாகை தரித்து, அதைப் பெற்றுக்கொண்டார்.

இந்தக் காட்சியை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று நெடுநாள் குடைந்துகொண்டிருந்தது. மோலியேர்! 1670-இல் பதினான்காம் லூயி அரசருக்கு முன்னால் ஆடிக்காட்டிய நாடகத்தில் ழுர்தேன் என்றொரு துணி வியாபாரி மகன் வருவான். பிரபு ஆக வேண்டும் என்ற பைத்தியம். உங்கள் அப்பா துணி வியாபாரியே இல்லை, துணியின் தரம் தெரிந்தவர், நண்பர்களுக்காக வாங்கி வைத்திருந்து காசுக்குக் கொடுத்தார், அவ்வளவுதான் என்று ஒருவன் சொல்ல, அவன் பூரித்துப்போவான். கடைசியில் துருக்கி உடை மாட்டி, பெரிய தலைப்பாகை வைத்து, ஏதோ ஒரு பெயர் சொல்லிப் பட்டம் கட்டி அவனை ஏமாற்றுவார்கள். சபை விழுந்து விழுந்து சிரித்தது. எண்பது வருடம் கழித்து ஒரு பிரெஞ்சு வியாபாரி புதுச்சேரியில் நிஜமாகவே கீழைநாட்டு உடையில் நிஜமாகவே பட்டம் வாங்குகிறார். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளையும் சிரிக்கவில்லை. வாசலில் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள் நின்றால் வேஷம் உடையாகிவிடுகிறது.

பிரான்சில் வியாபாரிகள் பிரபு ஆன கதையைப் படித்தால் நம் ஊர் மண்டி வீதியே தெரிகிறது. அங்கே பிரபுவுக்குப் பாமரர் மீதான முக்கிய வரி கிடையாது. ஆனால் கையால் தொழில் செய்தால், கடை வைத்தால், அந்தஸ்து போய்விடும். 1669-இல் அரசர் ஒரு சட்டம் போட்டார்: கடல் வாணிபம் செய்தால் பரவாயில்லை. 1701-இல் இன்னொன்று: மொத்த வியாபாரமும் பரவாயில்லை. சில்லறை மட்டும் கூடாது. கெலமங்கலத்தில் எந்தச் சட்டமும் இல்லாமலே இது எங்களுக்குத் தெரியும். கால் கிலோ புளி கேட்டு யாராவது மண்டிக்கு வந்தால் அப்பா காசு வாங்கமாட்டார், அள்ளிச் சும்மா கொடுத்துவிடுவார். தாராளம் என்று நான் சின்ன வயதில் பெருமைப்பட்டேன். பிறகுதான் விளங்கியது. கால் கிலோவுக்குக் காசு வாங்கினால் அவர் கடைக்காரர். வாங்காத வரைக்கும் சவுகார்.

பணம் கொட்டி ஓர் அரச உத்தியோகத்தை, உதாரணமாக அரசரின் செயலர் பதவியை, விலைக்கு வாங்கினால் பிரெஞ்சு வியாபாரி பிரபு ஆகலாம். இருபது வருடம் அதில் இருந்தாலோ, இருந்துகொண்டே செத்தாலோ அந்தஸ்து பிள்ளைகளுக்கும் இறங்கும். வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இந்தப் பதவிகளுக்கு அங்கே ஒரு கேலிப்பெயர் இருந்தது: பாமரனைக் கழுவும் சோப்பு. நம் பாட்டிகள் சோப்பைச் சவுக்காரம் என்பார்கள். சவுக்காரத்துக்கும் சவுகாருக்கும் நம் மொழியில் சில எழுத்துத் தூரம்தான். சொல்லிலக்கணப்படி உறவு இருக்க வேண்டிய அவசியமில்லை. சிரிப்பதற்கு அது தேவையுமில்லை.

ஆனந்தரங்கர் குடும்பத்திலேயே இன்னொரு பிரபுவும் உண்டு. அவரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அத்தையின் கணவர் நைனியப்ப பிள்ளை புதுச்சேரியில் தலைமைத் தரகராக இருந்தார். 1716-இல் கைதாகிச் சாட்டையடி, சிறை, சொத்துப் பறிமுதல் என்று எல்லாம் அனுபவித்து 1717-இல் சிறையிலேயே இறந்தார். மகன் குருவப்பா கப்பலேறிப் பாரிசுக்கே போய் நியாயம் கேட்டார். அங்கே ஞானஸ்நானம் பெற்றார். அரசருக்குப் பதில் ஆட்சி நடத்திய ஓர்லேயான் கோமகனே ஞானத்தந்தை. புனித மிக்கேல் வீரர் குழுவில் சேர்த்து அவரை ஷெவாலியே ஆக்கினார்கள். ஊர் திரும்பி, 1722-இல் அப்பா இருந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து, 1724-இல் இறந்துபோனார். ஆக, மாமன் அத்தை பிள்ளைகளில் ஒருவர் பாரிசு கொடுத்த பிரபு, மற்றவர் தக்காணம் கொடுத்த பிரபு. குருவப்பாவுக்குக் கிடைத்ததைப் பட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிறையில் செத்த அப்பாவுக்கு நஷ்டஈடாக ஒரு பதக்கம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

கொடுத்தவர்கள் என்ன ஆனார்கள்? முசாபர் ஜங், புதுச்சேரி தர்பார் முடிந்து இரண்டு மாதத்துக்குள், 1751 பிப்ரவரியில், கடப்பைப் பக்கம் பட்டாணி நவாபுகளோடு நடந்த சண்டையில் மாண்டார். 1752-இல் கிளைவ் செங்கல்பட்டுக் கோட்டையைப் பிடித்தார். ஜாகீர் தாளில் இருந்தது, சீமை வேறு ஆள் கையில். மார்க்கி பட்டம் வாங்கிய துய்ப்ளேக்ஸ் இரண்டே வருடத்தில் திருப்பி அழைக்கப்பட்டார். கம்பெனிக்காகச் சொந்தப் பணத்தைச் செலவழித்தேன் என்று வழக்காடியே ஓய்ந்து, கடன்காரர்கள் வாசலில் நிற்க, 1763 நவம்பரில் பாரிசில் இறந்தார். பிள்ளைக்கு 1756-இல் பதவி போனது. ஆங்கிலேயர் முற்றுகையில் ஊர் பட்டினி கிடந்த 1761 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாளில், 16-ஆம் தேதி, புதுச்சேரி விழுந்தது. அவர் எழுதிய தாள்கள்தான் மிஞ்சின. 1846-இல் கால்வா மொம்பிரேன் என்ற பிரெஞ்சு அதிகாரி பிள்ளையின் வீட்டில் அவற்றைக் கண்டெடுத்தார்.

இதற்கும் கெலமங்கலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். புதுச்சேரி விழுந்ததும் வேலை போன பிரெஞ்சுக் குதிரைக்காரர்களில் ஒரு பகுதி ஐதரலியிடம் வந்து சேர்ந்தது. அவர் மகன் காலத்தில், 1797-இல், பிரான்சில் பிரபு பட்டங்களையே ஒழித்து ஏழு வருடம் ஆகியிருந்தபோது, சீரங்கப்பட்டணத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஜாக்கோபின் சங்கம் வைத்துச் சுதந்திர மரம் நட்டார்கள். பிரெஞ்சு உறவையே காரணமாகக் காட்டிப் புறப்பட்டது ஆங்கிலேயப் படை. அன்றைக்கு எல்லைக்கோடு ராயக்கோட்டைக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே ஓடியது. ராயக்கோட்டை கம்பெனி, கெலமங்கலம் மைசூர். 1799 மார்ச் 5-ஆம் தேதி அந்த எல்லையைத் தாண்டிய ஜெனரல் ஹாரிஸ் சில நாளில் கெலமங்கலத்தில் கூடாரமடித்தார். இங்கிருந்து சீரங்கப்பட்டணம் வரை வழியெல்லாம் பொதிமாடுகள் செத்து விழுந்தன. ஒரு நாள் நடை சில மைல்தான். தானியம் சுமந்து படைக்குச் சோறு போட்டவர்கள் லம்பாடி வியாபாரிகள். ஹாரிஸ் ஒரு கிராமத்துத் துணைப் பாதிரியாரின் மகன். 1815-இல் அவர் 'சீரங்கப்பட்டணம் மற்றும் மைசூரின்' பாரன் ஆனார். லம்பாடிகளுக்குப் பட்டம் எதுவும் வரவில்லை. மாடு செத்தால் நஷ்டக் கணக்கு மட்டும் அவர்களுடையது.

அதே சாலையில் இன்றைக்குக் காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகின்றன. எழுபதுகளில் ஓசூரில் சிப்காட் வந்தது. பின்னாலேயே அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வந்து, அந்த அலை மெல்ல எங்கள் பக்கம் வந்து சேர இன்னும் முப்பது வருடம் பிடித்தது. ராகியும் கொள்ளும் விளைந்த மேட்டு நிலம் 'சைட்' ஆயிற்று. அதை விற்றவர்கள், விற்க வைத்தவர்கள், அக்ரிமெண்டை மட்டும் மாற்றி மாற்றி விற்றவர்கள் எனப் புதுப் பிரபுக்கள் முளைத்தார்கள். அவர்களை யாரும் சவுகார் என்பதில்லை. 'எம்.டி. சார்' என்கிறார்கள், இல்லாவிட்டால் 'பாஸ்'. லேஅவுட் வாசலில் கோட்டைக் கதவு மாதிரி ஒரு வளைவு, இரண்டு சிமெண்ட் சிங்கம், பெயரில் கட்டாயம் 'ராயல்'. நான் ஏளனம் செய்யவில்லை. மண்டியை நாங்கள் விற்றதும் அப்படி ஒருவருக்குத்தான். நல்ல மனிதர், பேசிய தொகையைப் பைசா குறையாமல் கொடுத்தார். பத்திரப் பதிவன்று அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "சவுகாரே, கல்யாண மண்டபம் கட்டப்போறேன், முதல் பத்திரிகை உங்களுக்குத்தான்" என்றார்.

மண்டபம் எழும்பியது. முதல் கல்யாணம் அவர் மகளுக்கே. சொன்னபடி பத்திரிகை வந்தது. கம்பியின் உச்சியில் இருப்பது அந்த உறைதான், கொக்கிக்குக் கீழே கடைசித் தாள். அப்பாவுக்கு எண்பது தாண்டியிருந்தது. வாசலிலேயே பன்னீர் தெளித்துக் கைத்தாங்கலாக அழைத்துப்போய், வெள்ளைத் துண்டு போர்த்திய முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒருவர் எம்.எல்.ஏ., ஒருவர் எங்கிருந்தோ வந்த பில்டர், நடுவில் அப்பா. மைக்கில் பெயர் சொல்லி அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் செருப்பைக் கழற்றப் போனபோது மண்டபக்காரர் ஓடிவந்து, "பரவால்ல இருக்கட்டும் சவுகாரே" என்று தடுத்தார்.

பிறகு பந்தி. தனி அறையில், தனி இலையில், பதினெட்டு வகை. பக்கத்தில் நான். அப்பா சோற்றில் ரசத்தை விட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றுகொண்டே யோசித்தார். இன்னொரு வாய். என் பக்கம் சாய்ந்து மெதுவாக, "போன வருசத்துச் சரக்குடா இது. கறுத்துப்போனது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, பரிமாற வந்த பையனைக் கையசைத்துக் கூப்பிட்டு, "தம்பி, புளி எங்கே எடுத்தீங்க? கிலோ என்ன போட்டாங்க?" என்று கேட்டார்.